முப்பத்தொன்றாம் எபிசோடுக்குப் பிறகு

ஜனவரி 8

அன்புள்ள அக்கா,

இங்கே நான் நலம்தான். இடது முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. உன் ரத்தக்கொதிப்பு எப்படி இருக்கிறது? மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா, இல்லை, ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் கண் சோதித்துக் கண்ணாடி மாட்டிவிட்டு உன்னை மறந்துவிடுகிறாயா?

ஒரு சந்தோஷச் செய்தி. திட்டாமல் படி. நான் புத்தகம் எழுதுகிறேன். இருபது வருடமாக அடுத்தவர் புத்தகங்களில் பிழை திருத்தியவன், இனி சொந்தமாகப் பிழை விடப்போகிறேன். ‘சுடர்க்கலம்’ தொடருக்கு ஒரு துணைநூல். ஐம்பத்திரண்டு எபிசோடுக்கும் கதைச்சுருக்கம், நடித்தவர்கள் பட்டியல், விண்கலத்தின் வரைபடம், எந்தக் காட்சியில் கலத்தைத் தொங்கவிட்ட கம்பி தெரிந்தது என்பதுவரை எல்லாம் உண்டு. தொடர் முடிந்து இத்தனை வருடமாகியும் ரசிகர்கள் மாதம் ஒருமுறை கூடிச் சண்டை போடுகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்.

எனக்கு அது ஏன் உயிர் என்று உனக்கே தெரியும். காது கேட்காத பையனுக்கு டிவி என்றால் வாயசைப்புதான். அதில் ஒருத்தி மட்டும் கையால் பேசினாள். கலத்தின் சமிக்ஞைக்காரி, நீ. எரிகல் மழைக்கு நடுவில் நீ கையைத் தூக்கி, நாம் வீட்டில் பேசிக்கொள்ளும் சைகையில், “சாப்பிட்டியாடா?” என்று கேட்டாய். எல்லோரும் அதை வேற்றுக்கிரக மொழி என்று நினைத்தார்கள். நான் சாப்பாட்டுத் தட்டை எடுத்து டிவிக்குக் காட்டினேன்.

எனக்கு ஒரு கூட்டாளி கிடைத்திருக்கிறார். எதைக் கேட்டாலும் பட்டியல் வைத்திருப்பார், அதனால் ரசிகர் சங்கத்தில் பட்டியல்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் உழைப்புக்கு ஒரு மாதிரி: ‘பதினெட்டாம் எபிசோடு: சமிக்ஞைக்காரி இருபத்தாறு முறை கண் சிமிட்டுகிறார். கடைசிச் சிமிட்டல், கதவு மூடும்போது.’ யாருக்கு வரும் இந்தப் பொறுமை?

ஒரே ஒரு பக்கம் காலி. முப்பத்தொன்றாம் எபிசோடோடு நீ ஏன் போய்விட்டாய்? கல்யாணம் என்று வீட்டில் சொன்னார்கள். அத்தான் உயிரோடு இருந்தால் அவரையே கேட்டிருப்பேன், உன் கல்யாணம் அதற்கு மூன்று வருடம் கழித்துத்தானே? உன் இப்போதைய பெயரோ ஊரோ வராது, சத்தியம். காரணம் மட்டும் எழுது.

உன்,
வாலு

*

ஜனவரி 17

அன்புள்ள வாலுவுக்கு,

அக்காவின் ஆசிகள். ரத்தக்கொதிப்பு சொன்ன பேச்சைக் கேட்கிறது. முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஒத்தடம் கொடு. நாற்பத்திரண்டு வயதுக்கு இந்த முழங்கால் ரொம்ப அவசரக்காரன்.

கடையில் கூட்டம். பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வருகிறார்கள். கண்ணாடி போட ஆசைப்பட்டு எழுத்து தெரியவில்லை என்று பொய் சொல்கிறது ஒன்று, கண்ணாடிக்குப் பயந்து தெரிகிறது என்று பொய் சொல்கிறது இன்னொன்று. பக்கத்துக் கடைப் பூட்டுக்காரர் உன்னை விசாரித்தார்.

புத்தகம் எழுது. ஆனால் அந்தக் காலிப் பக்கம் காலியாகவே இருக்கட்டும். வாங்குகிறவர்கள் கிறுக்கிக்கொள்ள உதவும்.

அந்தக் கண் சிமிட்டும் கணக்கை நிஜமாகவே அவர்தான் எடுத்தாரா? என்ன வயதிருக்கும்? பார்க்க எப்படி இருப்பார்? சும்மாதான் கேட்கிறேன். சும்மாதான் என்று இரண்டு முறை எழுதி ஒன்றை அடித்திருக்கிறேன், பிழை திருத்துகிறவர் கண்டுகொள்ள வேண்டாம்.

சீக்கிரம் பதில் போடு.

அக்கா

*

பிப்ரவரி 2

அன்புள்ள அக்கா,

ஒத்தடம் வேலை செய்கிறது. இரண்டு நாளாக லேசான காய்ச்சல், பயப்படும்படி ஒன்றுமில்லை. நீ நலமா?

பட்டியல்காரரைப் பற்றிக் கேட்டாயே. அறுபதை நெருங்குவார். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துத்தான் எதையும் பார்ப்பார். வீட்டுக்குள் வருமுன் மிதியடியில் மூன்று முறை கால் துடைப்பார். என்னிடம் பேசுவதற்கென்றே ஒரு நோட்டு வைத்து எல்லாவற்றையும் எழுதிக் காட்டுகிறார். அக்கா, உன்னைத் தவிர எனக்காக இப்படி யார் மெனக்கெட்டிருக்கிறார்கள்? கொடியில் காயும் சட்டைகளைக்கூட எடுத்து, கைகளை உள்ளே மடக்கி, செங்கல் அடுக்கியதுபோல் அடுக்கி வைத்துவிடுவார். கதவைத் தட்டினால் எனக்குக் கேட்காதே, எவ்வளவு நேரம்தான் வாசலில் நிற்பார் என்று ஒரு சாவியையும் அவரிடம் கொடுத்துவிட்டேன். தபால் போடுவது, எடுப்பது எல்லாம் இப்போது அவர்தான்.

உன் கடிதத்தை அவருக்குப் படிக்கக் கொடுத்தேன். கோபப்படாதே. சுவரில் இருக்கும் நம் போட்டோவைப் பார்த்து அவராகவே உன்னைக் கண்டுபிடித்துவிட்டார். மூன்று முறை படித்துவிட்டு நோட்டில் எழுதினார்: “எவ்வளவு கலகலப்பா எழுதுறாங்க! அப்பவும் இப்படித்தான்.”

உன்,
வாலு

*

பிப்ரவரி 9

தம்பிக்கு,

நான் நலம். காய்ச்சல் விட்டதா?

சொல்வதை மட்டும் கேள், காரணம் கேட்காதே. சாவியைத் திரும்ப வாங்கு. என் கடிதங்கள் அத்தனையையும் கிழித்துப்போடு. லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல், அடுத்த ரயிலில் இங்கே கிளம்பி வா. மற்றதை நேரில் சொல்கிறேன்.

உன் சுவரில் இருக்கும் போட்டோவில் எனக்குப் பதின்மூன்று வயது. நீ என் இடுப்பில் கைக்குழந்தை. அதைப் பார்த்து யாராலும் என்னைக் கண்டுபிடிக்க முடியாது.

உடனே வா.

அக்கா

*

பிப்ரவரி 21

அன்புள்ள அக்கா,

நலம். நலமறிய ஆவல். கை விரலில் சிறு காயம். ஆகவே தட்டச்சு செய்து அனுப்புகிறேன்.

காய்ச்சல் காரணமாக இப்போது வர இயலவில்லை. நண்பர் நன்றாகக் கவனித்துக்கொள்கிறார். கவலை வேண்டாம்.

துணைநூலுக்குச் சில விவரங்கள் தேவை. கடை காலை எத்தனை மணிக்குத் திறக்கும்? மதிய வேளையில் கடையில் வேறு யாரேனும் இருப்பார்களா, அல்லது நீங்கள் மட்டும்தானா? மாடி அறைக்குக் கடைக்குள்ளிருந்து படி உண்டா?

விடுபட்ட பக்கம் விரைவில் நிரப்பப்படும்.

தங்கள் அன்புத் தம்பி

*

பிப்ரவரி 26
(அச்சக முகவரிக்கு)

என் வாலுவுக்கு,

இதை நீ வேலை பார்க்கும் அச்சகத்துக்கு அனுப்புகிறேன். மெய்ப்பு மேசையில் உட்கார்ந்து படி, வீட்டுக்குக் கொண்டுபோகாதே. உன் பெயரில் தட்டச்சில் ஒரு கடிதம் வந்தது. அதை நீ எழுதவில்லை. பிறந்ததிலிருந்து என்னை நீ, வா, போ என்று கூப்பிடுகிறவனுக்குத் திடீரென்று ‘நீங்கள்’ எங்கிருந்து வரும்? கடையில் தனியாக இருப்பேனா என்று கேட்டிருந்தது. கடைக் கதவைத் தாழ் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

அப்போது உன்னிடம் சொல்லாததை இப்போது சொல்கிறேன். தொடர் ஓடிய காலத்தில் ஒருவன் எனக்குக் கடிதம் போட்டான். எண் போட்டு அனுப்புவான். நூற்று நாற்பத்து மூன்று வந்தன. முதலில் பாராட்டு. பிறகு கணக்கு. இந்த வாரம் இத்தனை தடவை கண் சிமிட்டினீர்கள், போன வாரத்தைவிட நாலு அதிகம், சரியாகத் தூங்கவில்லையா என்று. அதைப் படித்தபின் காமிரா முன்னால் நின்றால் இமை தானாகத் துடிக்கும். சிமிட்டாமல் இருக்கப் பார்த்தால் கண்ணில் நீர் வடியும். இயக்குநர் திட்டுவார்.

முப்பத்தொன்றாம் எபிசோடு எடுத்து முடித்த அன்று சாயங்காலம் அறைக்குத் திரும்பினேன். பூட்டியது பூட்டியபடி இருந்தது. உள்ளே கட்டிலில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். என் துணிகளை எல்லாம் எடுத்து, கைகளை உள்ளே மடக்கி, அடுக்கிக்கொண்டிருந்தான். தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தான். “வந்துட்டீங்களா? இன்னும் நாலு சட்டைதான் பாக்கி” என்றான். நான் கத்திக்கொண்டு ஓடினேன். காவல் நிலையத்தில், “ரசிகன்தானேம்மா, எதையும் திருடலையே, பெருமைப்படுங்க” என்றார்கள். அப்பாவிடம் மட்டும் சொன்னேன். அந்த வாரமே ஊரை விட்டேன். பெயரையும் விட்டேன். உனக்குப் பன்னிரண்டு வயது. உன்னைப் பயமுறுத்த வேண்டாம் என்று அப்பா சொன்னார், நானும் சரி என்றேன்.

அவனிடம் எதையும் காட்டிக்கொள்ளாதே. சண்டை போடாதே. அச்சகத்திலிருந்து நேரே ரயில் ஏறு. போட்டிருக்கும் சட்டையோடு வா, போதும்.

அக்கா

*

மார்ச் 9

அச்சக மேலாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்களிடம் மெய்ப்பு பார்க்கும் தம்பியின் அக்கா நான். அவனுக்கு உங்கள் முகவரியில் ஒரு கடிதம் எழுதிப் பதினோரு நாளாகிறது. பதில் இல்லை. தொலைபேசியில் பேசினால் அவனுக்குக் கேட்காது என்பது உங்களுக்குத் தெரியும். அவன் வேலைக்கு வருகிறானா என்ற ஒரே வரியைத் தந்தியாக அனுப்பினால் போதும். தங்கள் தொலைபேசி எண்ணும் வேண்டும். உடன் பிறந்தவள் கேட்கிறேன், தட்டாதீர்கள்.

இப்படிக்கு,
அவன் அக்கா

*

மார்ச் 14

அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நேற்றுத் தொலைபேசியில் நீங்களும் பதற்றமாக இருந்தீர்கள், இயந்திரச் சத்தத்தில் எனக்கும் பாதி கேட்கவில்லை. அதனால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

தம்பி மூன்று வாரமாக வேலைக்கு வரவில்லை. காய்ச்சல் என்று லீவுக் கடிதம் வந்தது. வயதான ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார், மரியாதையாகத்தான் பேசினார். உங்கள் கடிதம் உறை பிரிக்காமல் தம்பியின் மேசை இழுப்பறையில் கிடந்தது. என் தவறு, வீட்டுக்காவது கொடுத்தனுப்பியிருக்க வேண்டும் என்று நேற்று வரை நினைத்துக்கொண்டிருந்தேன். அனுப்பாததே நல்லதாகப் போயிற்று.

நீங்கள் பேசி முடித்ததும் இயந்திரக்காரரைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். வெளியே பூட்டு. இரும்புக் கம்பியால் நெம்பி உடைத்தோம். தம்பி கட்டிலில் கிடந்தார். கண்ணைத் திறக்கிறார், ஆள் யாரென்று தெரியவில்லை. உதடு வெடித்திருந்தது. தலைமாட்டில் தண்ணீர்க் குவளை காலி, பக்கத்தில் வெள்ளை மாத்திரை அட்டை. தூக்க மாத்திரை என்றும், காய்ச்சல் விட்டு வெகுநாளாயிற்று என்றும் மருத்துவர் சொன்னார். வீடு மட்டும் கண்ணாடிபோல் சுத்தமாக இருந்தது.

ஆபத்து இல்லை. காலையில் கஞ்சி குடித்தார். மருத்துவமனையில் இரவு பகலாக எங்கள் ஆள் ஒருவர் காவல். நீங்கள் அலைய வேண்டாம்.

தங்கள்,
அச்சக மேலாளர்

*

மார்ச் 18

என் வாலுவுக்கு,

உனக்கு உடம்பு தேறியதா? கஞ்சியோடு நிறுத்தாதே, வயிறு நிறையச் சாப்பிடு.

உன்னைப் பார்க்கக் கிளம்பினேன். ரயில் நிலையம்வரை வந்தேன். நடைமேடையில் ஒரு வயதானவர் தலையைச் சாய்த்துக் கால அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ எவரோ. அவன் காவலில் இருக்கிறான் என்று தெரியும். தெரிந்தும் கால் நகரவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். அக்காவை மன்னித்துவிடு.

இங்கே நடந்ததைக் கேள். பதின்மூன்றாம் தேதி மதியம். பூட்டுக்காரர் சாப்பிடக் கிளம்புகிற நேரம். கடைக் கதவின் மணி அடித்தது. மிதியடியில் மூன்று முறை கால் துடைக்கும் சத்தம். நிமிரும் முன்பே தெரிந்துவிட்டது.

“கண்ணு பாக்கணும்” என்றான். கையில் கட்டுக் காகிதம். உன் புத்தகம்.

ஓடலாம் என்றால் கதவு அவனுக்குப் பின்னால். நாற்காலியைக் காட்டினேன். உட்கார்ந்தான். விளக்கை ஏற்றி அவன் கண்ணுக்குள் பார்க்க வேண்டும், வேறு வழியில்லை. என் முகத்துக்கும் அவன் முகத்துக்கும் ஒரு சாண் இருக்கும். எழுத்து வரிசையைப் படிக்கச் சொன்னேன். கடைசி வரிவரை தடங்கலில்லாமல் படித்தான்.

“உங்களுக்குக் கண்ணுல ஒண்ணும் இல்லையே” என்றேன்.

“எனக்குத் தெரியும். நான் வந்ததுலேர்ந்து நீங்க ஒரு தடவைகூடச் சிமிட்டல. அதான் பாத்துட்டு இருக்கேன்.”

காகிதக் கட்டை மடியில் வைத்துத் தட்டினான். “ஒரு பக்கம்தான் பாக்கி. ஏன் போனீங்க? நீங்களே எழுதிடுங்க. நான் காத்திருக்கேன். எனக்கு அவசரம் இல்ல.”

“என் தம்பி எங்கே?”

“தூங்குறாரு. வெளியில பூட்டிட்டுத்தான் வந்தேன். பத்திரமா இருக்காரு.” பையிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினான்.

எனக்குள் என்ன நடந்தது என்று சொல்லத் தெரியவில்லை. பயம் போகவில்லை, ஒன்றும் போகவில்லை. கை மட்டும் தன் வேலையைச் செய்தது. கண்பாவையை விரியவைக்கும் சொட்டு மருந்தை எடுத்தேன். அதைப் போட்டால் சில மணி நேரம் வெளிச்சம் கூசும், கிட்டத்தில் இருப்பதெல்லாம் மங்கும்.

“எழுதறேன். அதுக்கு முன்னாடி சோதனையை முடிச்சிடலாம். பாதியில விட்டா கணக்கு சரியா வராது” என்றேன்.

கணக்கு என்றதும் அவன் முகம் மலர்ந்தது. அண்ணாந்தான். இரண்டு கண்ணிலும் விட்டேன்.

“இப்ப மூடிக்கங்க. இருபது நிமிஷம் திறக்கக் கூடாது. நடுவுல திறந்தா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.”

“எண்ணட்டுமா?”

“எண்ணுங்க.”

“ஒண்ணு, ரெண்டு, மூணு...”

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். கடை எத்தனை அடி நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கதவின் மணியை நாக்கோடு சேர்த்து முஷ்டிக்குள் பிடித்துக்கொண்டு திறந்தேன். அவன் அறுபத்தாறு சொல்லிக்கொண்டிருந்தான். பூட்டுக்காரர் சாப்பாட்டுப் பையோடு தெருவில் நின்றார். என் முகத்தைப் பார்த்ததும், “என்னம்மா?” என்று பதறினார். “அண்ணே, ஷட்டரை இறக்கிப் பூட்டுங்க. ஒண்ணும் கேக்காதீங்க” என்றேன். இறக்கினார். தடதடவென்று அத்தனை சத்தம். உள்ளே எண்ணுவது நிற்கவில்லை.

பூட்டுக்காரர் ஓடிப்போய் அழைத்து வந்த காவலர்கள் ஷட்டரைத் தூக்கும்போதும் அவன் அதே நாற்காலியில், கண்ணை மூடியபடி, ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டில் இருந்தான். தோளைத் தொட்டவரிடம், “இன்னும் எண்பத்தெட்டு இருக்கே சார்” என்றானாம். நான் உள்ளே போகவில்லை. காவல் நிலையத்துக்கு ஓடி, உங்கள் மேலாளர் தந்தியில் அனுப்பியிருந்த எண்ணைச் சுழற்றினேன். மூன்று முறை தப்பாகச் சுழற்றினேன்.

அக்கா

*

ஏப்ரல் 4

அன்புள்ள அக்கா,

நான் நடமாடுகிறேன். மேலாளர் வீட்டில் வைத்துச் சோறு போடுகிறார். ஒரு வாய் குறைந்தாலும் முறைக்கிறார். நீ சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா?

பிப்ரவரியில் அந்தக் காய்ச்சல் கடிதத்துக்குப் பிறகும் உனக்கு இரண்டு கடிதம் எழுதிப் பட்டியல்காரரிடம் கொடுத்தேன். உனக்கு வந்திருக்காது என்று இப்போது புரிகிறது. நீ என்னைக் கிளம்பி வரச் சொன்னதும் என் கைக்கு வரவில்லை. அக்கா ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். “அவங்களுக்கு உங்கமேல கோபம்போல” என்று நோட்டில் எழுதினார். அதையும் நம்பினேன்.

உன்னிடம் ஒரு பொய் சொன்னேன். போட்டோவைப் பார்த்து அவர் கண்டுபிடிக்கவில்லை. நான்தான் சொன்னேன். சங்கக் கூட்டத்தில் எல்லோரும் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வாயசைவைப் பார்த்துப் பார்த்துக் கண் வலித்தது. என் பக்கம் யாரும் திரும்பவே இல்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் ‘சமிக்ஞைக்காரி என் அக்கா’ என்று எழுதி அடுத்த நாற்காலிக்குத் தள்ளினேன். அடுத்த நாற்காலியில் அவர் இருந்தார். மறுநாளே நோட்டு வாங்கி வந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணியானால் கண் கதவுக்குப் போகிறது. பயத்தில் பாதி. மீதி, ஒருவர் வந்து உட்கார்ந்து எழுதிக் காட்டுவாரே என்ற பழக்கத்தில். நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கதவைப் பார்த்தே உட்காருகிறேன். யாராவது நடந்தால் தரை அதிர்கிறதா என்று பாதத்தை அழுத்தி வைத்துப் பார்க்கிறேன்.

புத்தகம் சாட்சிப் பொருளாகக் காவல் நிலையத்தில் இருக்கிறது. திரும்பி வந்தால் கிழித்துவிடுவேன். நீ பதில் போடாவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

தம்பி

*

ஏப்ரல் 19

என் வாலுவுக்கு,

தம்பி என்று கையெழுத்துப் போடாதே, பயமாக இருக்கிறது. நான் சாப்பிடுகிறேன். தூக்கம் விட்டு விட்டு வருகிறது.

பதில் தாமதமானது வேண்டுமென்றேதான். மூன்று நாள் உன்மேல் அப்படிக் கோபம். நீளமாக ஒரு கடிதம் எழுதிக் கிழித்தேன். இன்னும் நீளமாக ஒன்று எழுதி அதையும் கிழித்தேன். பிறகு யோசித்தேன். நீ சொன்ன பொய் இரண்டு மாதத்துப் பொய். என்னுடையது முப்பது வருடத்துப் பொய். அன்றைக்கே சொல்லியிருந்தால், கண் சிமிட்டும் கணக்கோடு ஒருவன் வந்து உட்கார்ந்த அன்றே நீ எழுந்து வந்திருப்பாய். உன்னைப் பயமுறுத்தக் கூடாது என்று நினைத்தோம். பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படாமல் உன்னை விட்டுவிட்டோம்.

புத்தகத்தைக் கிழிக்காதே. அது உன்னுடையது. கண் சிமிட்டும் கணக்கை மட்டும் ஒன்று விடாமல் அடித்துவிடு. முப்பத்தொன்றாம் எபிசோடுக்கு இப்படிப் போடு: ‘இதற்குப் பிறகு நடிகை வேலையை விட்டார். ஒருவர் அவரைப் பின்தொடர்ந்தார். நடிகை சொன்னதைக் காவலர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் பயந்துபோனார்.’ இவ்வளவுதான். என் பழைய பெயரையும் போடு, அது நல்ல பெயர்.

வழக்கு நடக்கிறது. எவ்வளவு காலம் உள்ளே வைத்திருப்பார்கள் என்று வக்கீலுக்கே தெரியவில்லை. மறுபடி ஊர் மாறலாமா என்று அலமாரியிலிருந்து பெட்டியை இறக்கினேன். ஐம்பத்து நாலு வயதில் இன்னொரு பெயரைப் பழக எனக்குத் தெம்பு இல்லை. பெட்டியை மேலே ஏற்றிவிட்டேன். கடையைத் திறந்திருக்கிறேன். மணி அடிக்கும்போதெல்லாம் முதலில் மிதியடியைத்தான் பார்க்கிறேன். நேற்று ஒரு பாட்டியின் இமையைப் பிரிக்கும்போது என் விரல் நடுங்கியது. “என்னம்மா, எனக்குக் கண்ணு போயிடுச்சா?” என்று அவர் பயந்துவிட்டார். இல்லை, எனக்குத்தான் குளிர் என்று சமாளித்தேன்.

நீ இங்கே வந்துவிடு. மெய்ப்பைத் தபாலில் அனுப்பச் சம்மதம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். மாடியில் இரண்டாவது அறையைக் காலி செய்து வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை பகல் ரயிலில் ஏறு. இந்த முறை நடைமேடைக்கு வந்து நிற்பேன். கால் நகராவிட்டால் பூட்டுக்காரர் இழுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நிலையத்திலிருந்து கடைக்குப் பத்து நிமிட நடை, நேர் ரோடு. திரும்பித் திரும்பிப் பார்க்காதே, கழுத்து வலிக்கும். நீ முன்னால் நட. பின்னால் யாராவது வருகிறார்களா என்று நான் காது கொடுத்துக்கொண்டே வருகிறேன்.

அக்கா